நடுங்கும் திசைகாட்டி: சிறு விமானங்களில் ஓர் அதிர்வுச் சிக்கலும் அதன் தீர்வும்

முன்னுரை

கடலோடிய காலம் முதல் வானோடும் காலம் வரை மனிதனுக்கு வழித்துணையாய் நின்ற கருவிகளுள் காந்தத் திசைகாட்டிக்கு இணையானது பிறிதொன்றில்லை. காந்த ஊசியின் இயல்பைச் சீன அறிஞர் ஷென் குவோ 1088 ஆம் ஆண்டளவிலேயே எழுதிவைத்தார். பின்னர் அக்கருவி கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டில் விமானமும் ஏறியது. கலம் செலுத்துவோனைப் பண்டைத் தமிழர் மீகாமன் என்றனர். பிற்காலத்தில் அரபு வணிகரொடு கொண்ட உறவினால், கற்பிப்போன், வழிகாட்டுவோன் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்னும் சொல் ‘மாலுமி’யாகித் தமிழில் நிலைத்தது. அந்த மாலுமியின் கையில் இருந்த கருவியே இன்று விமானியின் கண்முன் இருக்கிறது.

செயற்கைக்கோள்கள் வழி காட்டும் இக்காலத்தில் இப்பழைய கருவி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சிறு விமானத்தில் மின்சாரம் நின்றுபோனால் மின்திரைகள் இருண்டுவிடும். காந்தத் திசைகாட்டி மட்டும் மின்சாரத்தை எதிர்பாராமல், புவிக்காந்தம் ஒன்றையே நம்பித் தன் பணியைச் செய்யும். கண்ணால் நிலம் பார்த்துப் பறக்கும் எளிய விமானத்திலும் காந்தத் திசைகாட்டி இருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்க வான்போக்குவரத்து விதிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

அத்தகைய கருவி, அதைத் தாங்கும் சிறு உலோகத் துண்டின் குறையால் ஓயாது நடுங்கினால் என்ன நேரும்? அந்நடுக்கத்தின் காரணத்தை எவ்வாறு கண்டறிவது? எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாக்களுக்கு, நம் மாணவர் இயற்பியல் வகுப்பில் பயிலும் எளிய கோட்பாடுகளைக் கொண்டே விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் அமைப்பு

சிறு விமானங்களில் பெரும்பாலும் காணப்படுவது திரவத் திசைகாட்டி. மூடிய கிண்ணம் போன்ற உறையினுள் தெளிந்த மண்ணெண்ணெய் வகைத் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். முன்னாளில் சாராயக் கலவையை ஊற்றினர்; அதனால் விமானிகள் இன்றும் இதனை ‘விஸ்கி காம்பஸ்’ என்று வேடிக்கையாக அழைப்பர். திரவத்தினுள் பாகைகள் குறிக்கப்பட்ட மிதவை ஒன்று உண்டு. அதன் அடியில் சிறு காந்தங்கள் பொருத்தப்பட்டிருக்கும். மிதவை, கூரிய ஊசிமுனை ஒன்றின் மேல், கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற மணிக்கல் தாங்கியில் சுழலும். கண்ணாடியில் ஒரு நேர்கோடு வரையப்பட்டிருக்கும். அக்கோட்டிற்கு நேரே தெரியும் எண்ணே விமானம் செல்லும் திசை.

திரவத்திற்கு இரு பணிகள் உண்டு. மிதவையின் எடையைத் தான் ஏற்று ஊசிமுனையின் சுமையைக் குறைப்பது ஒன்று. மிதவையின் ஊசலாட்டத்தைத் தணிப்பது மற்றொன்று. வெப்பத்தால் திரவம் விரிவதற்கும் குளிரால் சுருங்குவதற்கும் இடந்தருமாறு உறையின் பின்புறம் மெல்லிய சவ்வுத்தகடு ஒன்றும் அமைந்திருக்கும்.

இக்கருவியைப் பொருத்தும் இடம் எப்போதும் ஒரு சிக்கலே. வானொலி, மின்கம்பி, இரும்பு ஆகியவற்றிலிருந்து விலகியும் இருக்கவேண்டும். விமானியின் கண்ணுக்கு எதிரிலும் இருக்கவேண்டும். 1927 ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் விமானத்தில் திரவத் திசைகாட்டி தலைக்கு மேல் பொருத்தப்பட்டிருந்தது. அதனை ஒரு பெண்ணின் ஒப்பனைக் கண்ணாடியில் பார்த்தே அவர் படித்தார். அக்கண்ணாடி சூயிங்கம் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. செஸ்னா 172 போன்ற இன்றைய சிறு விமானங்களில் இது முன்கண்ணாடியின் நடுவிலோ, கருவிப் பலகையின் மேல்தட்டின் மீதோ ஒரு தாங்கியில் நிற்கும். சிக்கல் தொடங்கும் இடம் இத்தாங்கியே. நீண்டு, மெலிந்து, ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு, மறுமுனையில் திரவம் நிறைந்த கருவியைச் சுமந்து நிற்கும் தகடு, அடித்தால் ஒலிக்கும் இசைக்கவையைப் போன்றதே ஆகும்.

விமானத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர்

கப்பலில் நிலைத்து நின்ற ஊசி விமானத்தில் ஏறியதும் தடுமாறியது. முதல் உலகப்போர்க் காலத்தில் இத்தடுமாற்றம் விமானிகளின் உயிருக்கே உலையாயிற்று. மேகத்தினுள் புகுந்த விமானி, தான் நேரே செல்வதாக எண்ணி வட்டமடித்துக்கொண்டிருப்பான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தசை, நரம்பு ஆகியவற்றின் இயக்கத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற கீத் லூகாஸ் என்னும் உடலியல் அறிஞர், 1914 இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து இச்சிக்கலை ஆராய முற்பட்டார். நுண்கருவிகளைத் தம் கையாலேயே வடிவமைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. விமானம் வளையும்போது ஊசி காட்டும் பிழையை ஆராய்ந்து, திருந்திய திசைகாட்டி ஒன்றை உருவாக்கினார். தாமே விமானம் ஓட்டவும் கற்றார். 1916 அக்டோபர் 5 ஆம் நாள் வானில் நிகழ்ந்த மோதலில் உயிர்நீத்தார். அவருடைய மாணவர் எட்கர் ஏட்ரியன் 1932 இல் நோபல் பரிசு பெற்றார். துறை கடந்த அறிவும் கைத்திறனும் ஒருவரிடத்தே கூடினால் விளையும் பயனுக்கு லூகாஸ் ஒரு சான்று.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

சிறு விமானங்களுள் பலவற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ளது. நிமிடத்திற்கு 2400 சுற்று என்னும் வேகத்தில் அது சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 40 சுற்று. புரொப்பெல்லர் எனப்படும் சுழல்விசிறி சற்றே எடை பிசகியிருந்தால், அது நொடிக்கு 40 முறை விமானத்தின் மூக்கை உலுக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து சுற்றுக்கு இரண்டு, நொடிக்கு 80 வெடிப்புகளைத் தரும். இரண்டு இதழ் விசிறியின் காற்று வீச்சும் நொடிக்கு 80 முறை முன்கண்ணாடியைத் தாக்கும். எனவே 40 ஹெர்ட்ஸ், 80 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் இவ்விமானத்தின் முதன்மையான அதிர்வெண்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. புறத்தேயிருந்து வரும் அதிர்வு அதனுடன் ஒத்துவிட்டால் சிறு தூண்டலும் பெரு நடுக்கமாக வளரும். இதனை ஒத்ததிர்வு என்போம். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அதன் போக்கறிந்து மெல்லத் தள்ளினாலே ஊஞ்சல் உயர எழும்புவது போன்றது இது. தாங்கியின் இயல்பு அதிர்வெண் 40 ஐயோ 80 ஐயோ நெருங்கியிருப்பின் திசைகாட்டி நடுங்குவதைத் தவிர்க்க இயலாது.

நடுக்கத்தின் தீங்கு

எண்ணைப் படிக்க முடியாமை முதல் தீங்கு. பத்துப் பாகை பிறழப் படித்த விமானி 100 கிலோமீட்டர் சென்றபின் தன் இலக்கிலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விலகியிருப்பான். எரிபொருள் குறைந்த நேரத்தில், மங்கிய ஒளியில், அந்த 17 கிலோமீட்டர் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

இரண்டாவது தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. ஊசிமுனை மணிக்கல்லை இடைவிடாது கொத்திக்கொண்டிருப்பதால் முனை மழுங்கும். கல்லில் குழி விழும். உராய்வு மிகுந்து மிதவை ஆங்காங்கே சிக்கி நிற்கும். நடுங்கும் திசைகாட்டியாவது தன் நோயைத் தானே சொல்லும். சிக்கி நிற்கும் திசைகாட்டியோ அமைதியாகப் பொய் சொல்லும். மூன்றாவதாக, அடைப்புகள் தளர்ந்து திரவம் கசியும். உறையினுள் காற்றுக்குமிழி தோன்றுவது அதன் அடையாளம். திரவம் குறையக் குறைய ஊசிமுனையின் சுமை கூடும், தணிப்பு குறையும், நடுக்கம் மேலும் பெருகும்.

காரணம் அறிதல்

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. அது பொறியாளனுக்கும் பொருந்தும். நடுக்கத்தைக் கண்டவுடன் தாங்கியை மாற்ற விரைவது தவறு.

முதலில் எஞ்சின் நின்றிருக்கும்போது தாங்கியை விரலால் அசைத்துப் பார்க்கவேண்டும். திருகு தளர்ந்திருக்கலாம், தகட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகியிருக்கலாம். தாங்கி நிற்கும் மேல்தட்டே வலுவின்றி ஆடுவதும் உண்டு. கருவியை மெல்லத் தட்டினால், நடுக்கம் உடனே அடங்குகிறதா, நெடுநேரம் நீடிக்கிறதா என்பதும் புலப்படும்.

அடுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, தகுதி பெற்ற ஒருவர் பிரேக்கைப் பிடித்துச் சுக்கானில் அமர்ந்திருக்க, மற்றொருவர் உள்ளே அருகமர்ந்து நோக்க, எஞ்சின் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் உச்சமடைந்து, அதனைக் கடந்ததும் குறைந்தால் அது ஒத்ததிர்வு. குறை தாங்கியில் உள்ளது. வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போனால், விசிறியின் எடைப்பிசகையோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களின் தேய்வையோ ஐயுறவேண்டும். ஏதேனும் ஒரு சிலிண்டர் சரிவர வெடிக்காதிருப்பினும் விமானம் முழுவதும் உலுக்கும். அப்போது தாங்கியை மட்டும் திருத்துவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதை ஒக்கும். விசிறியைச் சுழலும் நிலையிலேயே அளந்து, சிறு எடைகளைச் சேர்த்துச் சமன்செய்யும் முறை இன்று பரவலாக உள்ளது. நடுங்கும் திசைகாட்டி, எஞ்சினின் நோயை முன்னறிவிக்கும் தூதனாகவும் இருக்கக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

தீர்க்கும் வழிகள் இரண்டு

குறை தாங்கியில்தான் என்று உறுதியானபின் இரு வழிகள் உள்ளன. ஒன்று, தாங்கியை விறைப்பாக்கி அதன் இயல்பு அதிர்வெண்ணை எஞ்சினின் அதிர்வெண்களுக்கு மேலே உயர்த்துவது. மற்றொன்று, ரப்பர் கொண்டு அதனை மென்மையாக்கிக் கீழே தாழ்த்துவது. இரண்டுக்கும் இடையே நிற்பதே ஆபத்து.

முதல் வழியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தகட்டின் விறைப்பு, அதன் நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும், தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். இயல்பு அதிர்வெண், விறைப்பின் இருபடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் உயரும். தாங்கி ஒன்றின் இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்க. எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போது அது கட்டாயம் நடுங்கும். அதே அகலமுள்ள, ஒன்றரை மடங்கு தடித்த தகட்டைப் பொருத்தினால் விறைப்பு ஏறத்தாழ 3.4 மடங்காகும், அதிர்வெண் 73 ஹெர்ட்ஸை எட்டும். 40 இலிருந்து தப்பியது உண்மையே. ஆயினும் 80 ஐ நெருங்கிவிட்டோம்! ஒரு குழியிலிருந்து எழுந்து மறுகுழியில் விழுந்த கதை இது. தடிப்பை இரு மடங்காக்கினாலோ, நீளத்தைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டு மடங்காகும். அதிர்வெண் 113 ஹெர்ட்ஸுக்கு உயரும். இப்போது 40, 80 ஆகிய இரண்டையும் விட்டு விலகிவிட்டோம். தகட்டின் எடையைக் கணக்கில் கொள்ளாத தோராயமே இது எனினும், அரைகுறைத் திருத்தம் ஏன் பயன்படாது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

எடை கூட்டாமல் விறைப்பைப் பெருக்க மற்றொரு வழியும் உண்டு. தகட்டின் ஓரங்களை மடித்து விளிம்பு கட்டலாம். அல்லது சாய்வான இரண்டாவது கால் ஒன்றைச் சேர்த்து முக்கோணமாக்கலாம். முக்கோணம் எளிதில் உருமாறாது என்பது பாலங்களிலும் கூரைகளிலும் நாம் அன்றாடம் காண்பதே.

இரண்டாவது வழி ரப்பர்த் தாங்கி. வரும் அதிர்வெண், தாங்கியின் இயல்பு அதிர்வெண்ணைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே அதனைப் பெருக்கும். கருவியின் எடையால் ரப்பர் 1 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கொண்டால் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ் ஆகும். அப்போது 40 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்கும், 80 ஹெர்ட்ஸ் அதிர்வில் நூற்றுக்கு 4 பங்குமே கருவியை அடையும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் சிறிது ஆட்டம் தோன்றும். பறக்கும்போது கருவி அமைதியாக இருக்கும்.

ரப்பர் வளையத்தினுள் சிறு உலோகக் குழல் ஒன்றை இட்டுத் திருகவேண்டும். அவ்வாறன்றி இறுக்கித் திருகினால் ரப்பர் நசுங்கித் தன் பயனை இழக்கும். விளக்குக் கம்பியையும் சற்றுத் தளர்வாக விடவேண்டும். விறைத்து நிற்கும் கம்பி அதிர்வுக்குக் குறுக்குப் பாலமாகிவிடும்.

உலோகமும் திருகும்

மற்ற கருவிகளுக்கு இல்லாத கட்டுப்பாடு ஒன்று இங்கு உண்டு. தாங்கியிலோ திருகிலோ மரையிலோ இரும்பு இருத்தல் கூடாது. பித்தளை, அலுமினியம் ஆகியவை ஏற்றவை. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவன எல்லாம் காந்தமற்றவை அல்ல. காந்தமற்ற வகையும் வளைத்து அடிக்கப்படும்போது சிறிது காந்தத்தன்மை பெறுவதுண்டு. ஒவ்வொரு திருகையும் வேறொரு திசைகாட்டியின் அருகே கொண்டுசென்று ஊசி அசைகிறதா எனச் சோதித்தபின் பயன்படுத்துவது நன்று. விளக்கின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

முன்கண்ணாடி உண்மையில் கண்ணாடியன்று, அக்ரிலிக் பிளாஸ்டிக். அதில் உள்ள திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் வெடிப்பு தோன்றும். பொருந்தாத பசையும் கரைப்பானும் பட்டால் நுண்கீறல்கள் படரும்.

திருத்தியபின் செய்யவேண்டியவை

தாங்கியை மாற்றியதோடு பணி முடிவதில்லை. கருவி இடம்பெயர்ந்தால் அதன் விலக்கமும் மாறியிருக்கும். இரும்புக் கட்டடங்கள் இல்லாத திறந்த வெளியில், காந்தத் திசைகள் வரையப்பட்ட தளத்தில் விமானத்தை நிறுத்தி, எஞ்சினும் வானொலியும் இயங்கும் நிலையில் சரிபார்க்கவேண்டும். வடக்கு நோக்கி நிறுத்தி, உறையிலுள்ள வடக்கு-தெற்குத் திருகினால் பிழையை முற்றும் நீக்குவர். கிழக்கு நோக்கி நிறுத்தி மற்றத் திருகினால் அவ்வாறே செய்வர். தெற்கிலும் மேற்கிலும் பிழையில் பாதியை மட்டும் நீக்குவர். தெற்கு நோக்கி நிற்கும்போது 186 எனக் காட்டினால் 183 ஆக்கி விடுவர். எஞ்சிய பிழை இரு திசைக்கும் சமமாகப் பகிரப்படும். திருகைத் திருப்பப் பித்தளைத் திருப்புளியே ஏற்றது. பின்னர் 30 பாகைக்கு ஒருமுறை படித்து, அட்டையில் எழுதிக் கருவியின் அருகே பொருத்துவர். எந்தத் திசையிலும் விலக்கம் 10 பாகையை மிஞ்சலாகாது என்றும், அதிர்வால் கருவியின் துல்லியம் பெரிதும் கெடாதவாறு பொருத்தவேண்டும் என்றும் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வரையறுத்திருந்தன.

இப்பணியை ஆர்வலர் எவரும் தம் விருப்பம்போல் செய்துவிட இயலாது. சான்றிதழ் பெற்ற விமானத்தில், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் செய்து, ஏட்டில் பதிந்து கையொப்பமிட்ட பின்னரே விமானம் பறக்கலாம். ஓர் உலோகத் துண்டுக்கு இத்தனை கட்டுப்பாடா என்று வியக்கவேண்டியதில்லை. வானில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க வழியில்லை.

விமானியின் கடமையும் ஒன்றுண்டு. காதில் அணியும் ஒலிக்கருவியையோ கைப்பேசியையோ திசைகாட்டியின் அருகே வைத்தல் கூடாது. அவற்றினுள் உள்ள சிறு காந்தங்கள், பொறியாளர் பாடுபட்டு நீக்கிய பிழையை ஒரு நொடியில் மீண்டும் கொண்டுவந்துவிடும்.

நிறைவுரை

விறைப்பு, நிறை, அதிர்வெண், தணிப்பு ஆகிய நான்கு சொற்களுக்குள் இச்சிக்கல் முழுவதும் அடங்கிவிடுகிறது. அவை நம் மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சொற்களே. அவற்றைப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒரு தகட்டின் மீதும் ஒரு திருகின் மீதும் வைத்துப் பார்க்கும்போதுதான் கல்வி பயனுடையதாகிறது. நம் தையற்பொறியின் மேசை ஏன் ஒரு வேகத்தில் மட்டும் அதிர்கிறது, பேருந்தின் சன்னல் ஏன் மெதுவாகச் செல்லும்போது மட்டும் கடகடக்கிறது என்று வினவத் தொடங்கும் மாணவன், விமானத்தைத் தொடாமலேயே இப்பாடத்தின் பாதியைக் கற்றுவிட்டான்.

இத்தகைய செய்திகளைத் தெளிந்த தமிழில் எழுதவும் பேசவும் இயலும் என்பதற்கு மேற்கண்ட விளக்கமே சான்றாக அமையட்டும். அறிவியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து இதுபோன்ற கருவிகளைப் பற்றி எழுத முன்வருவராயின், மீகாமனையும் மாலுமியையும் தந்த மொழிக்கு அது தக்க தொண்டாகும்.